வன்னியில் ஒரு வீட்டுக் கணினி: புதிதாகப் பொருத்துவதா, பாவித்ததை வாங்குவதா?

அக்காவுக்குச் சீட்டு விழுந்தது. கையில் ஒரு லட்சம் ரூபாய். மகள் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் அவளுக்கு ஒரு பாடம். பாடசாலைக் கணினி அறையில் வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் கிடைக்கும். மிச்சமெல்லாம் தாயின் கைபேசியில். "தம்பி, எதையென்றாலும் பார்த்து வாங்கு. பிள்ளை கம்பஸ் போகும்வரைக்கும் அது உழைக்க வேண்டும். பழுதாகிவிட்டது என்று அதைத் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அலைய என்னால் முடியாது" என்றார்.

கணினி வாங்குவது பற்றிப் பேசுபவர்கள் வேகத்தையும் விலையையும்தான் ஒப்பிடுகிறார்கள். அக்கா கேட்டது மூன்றாவது ஒன்றை. வட்டக்கச்சியில் ஒரு வீட்டில் கணினி எரிந்துபோனால், மறுநாள் அதை மீண்டும் எழுப்ப முடியுமா? அந்தப் பாகம் கிளிநொச்சி நகரத்தில் கிடைக்குமா, வவுனியாவுக்குப் பஸ் ஏற வேண்டுமா, பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலிருந்து கூரியரில் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ இருப்பவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கனமானது. இரண்டு வாரம் ஆராய்ந்து, ஒவ்வொரு தெரிவையும் இந்தக் கேள்வியில் வைத்துத்தான் நிறுத்துப் பார்த்தோம்.

விலைகளை ரூபாய்க் கணக்கில் எழுதினால் அடுத்த மாதமே பிழைத்துவிடும். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாயிலிருந்து கிளம்பி இரண்டு மாதத்தில் 350ஐத் தாண்டியதை எவரும் மறக்கவில்லை. 2024 ஜனவரியிலிருந்து பெறுமதிசேர் வரி 18 வீதம். 2025இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் ராம் விலை உலகெங்கும் ஏறியது. ஆகவே பங்குக் கணக்காகவே சொல்கிறேன்: கையிலுள்ள பணத்தில் எது எத்தனை பங்கைத் தின்னும் என்று.

முதலில், சீக்கிரம் தள்ளிவைத்த இரண்டு.

ஒன்று மடிக்கணினி. கரண்ட் போனாலும் ஓடும், மின்சாரம் குறைவாகக் குடிக்கும், எங்கும் கொண்டு போகலாம். ஆனால் ஒரு லட்சத்துக்குள் புதிதாக வருபவற்றில் பெரும்பாலானவை செலரோன் வகை, அதாவது இன்டெலின் மலிவான, வேகம் குறைந்த புரொசெசர் கொண்டவை. வேலை ஏறினால் மூச்சு வாங்கும். அதே பணத்தில் பாவித்த திங்பேட் டி480 அல்லது டெல் லாட்டிடியூட் ஒன்றை வாங்குவது எவ்வளவோ மேல். பிள்ளை இந்த ஆண்டே விடுதிக்குப் போகிறாள் என்றால் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன். அக்காவின் மகள் இன்னும் இரண்டு ஆண்டுகள் வீட்டிலிருந்து படிக்கப் போகிறவள். மடிக்கணினியில் திரையோ மூட்டோ மதர்போர்டோ போனால் அந்த மாதிரிக்கே உரிய பாகத்தைத் தேட வேண்டும். அக்கா பயந்த அலைச்சல் அதுதான்.

மற்றது, இளைஞர்களை அதிகம் இழுப்பது: சீனாவிலிருந்து வரும் எக்ஸ்79, எக்ஸ்99 மதர்போர்டுகளும், பெரிய சேவர்களிலிருந்து கழற்றிய சியோன் புரொசெசர்களும். 14 கோர் (ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் கருக்கள்) கொண்ட ஈ5-2680 வி4 மலிவாகக் கிடைக்கும்போது யாருக்கும் கை துடிக்கும். ஆனால் அந்த புரொசெசருக்குள் திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் இல்லை, தனியாக ஒரு கார்டு வாங்கியே ஆக வேண்டும். புரொசெசருக்கு மட்டும் 120 வாட் கணக்கு. போர்டில் ஒரு கோளாறு வந்தால் தேடிப் பிடிக்க நிறுவனமும் இல்லை, உத்தரவாதமும் இல்லை. திருத்தத் தெரிந்தவர்கள் சூழ இருக்கும் நகரத்தில் அது ஒரு நல்ல விளையாட்டு. வன்னியில் ஒரு மாணவியின் ஒரேயொரு கணினியாக அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

மிச்சமிருந்தவை இரண்டு. புதிய பாகங்களை வாங்கி நாமே பொருத்துவது ஒன்று. வெளிநாட்டு அலுவலகங்களில் ஓடி ஓய்ந்து, தொகையாக இறக்குமதியாகி, கழுவித் துடைத்து விற்கப்படும் டெல், எச்பி, லெனோவோ மேசைக் கணினி மற்றது.

புதிதாகப் பொருத்தினால்

குறைந்த செலவில் புதிதாகப் பொருத்துபவருக்கு எனக்குத் தெரிந்த சீரான வழி, கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ஒரு புரொசெசரை எடுப்பது. ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜி. 6 கோர், 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்), 2021இல் வந்தது. இன்டெலில் ஐ3-12100, 4 கோர், 8 திரெட். இரண்டும் வீட்டுக்கும் படிப்புக்கும் தாராளம். முப்பரிமாண வரைபு, வீடியோ தொகுப்பு என்று வந்தால் 5600ஜி ஒரு படி முன்னால் நிற்கும்.

இங்கே எழுத்தில் இருக்கும் பொறிகளைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அவற்றில் விழுந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஐ3-12100 என்பதும் ஐ3-12100எஃப் என்பதும் ஒன்றல்ல. கடைசியில் எஃப் இருந்தால் கிராஃபிக்ஸ் இல்லை. அது சற்று மலிவு, பார்த்தவுடன் லாபம்போலத் தெரியும், வீட்டுக்குக் கொண்டுவந்து பொருத்திய பிறகு மொனிட்டர் கறுப்பாகவே இருக்கும். ஏஎம்டியின் ஏஎம்4 (5600ஜி உட்காரும் சொக்கெட்) வகையில் இதற்கு நேர்மாறு: பெயரின் முடிவில் ஜி இருந்தால்தான் படம் வரும். இன்னொன்று, பாவித்த ரைசன் 3 3200ஜியை வாங்கிச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் அதை ஏ520, பி550 போர்டுகளோடு சேர்க்கக் கூடாது. சொக்கெட் அதேதான், புரொசெசர் அதில் அழகாக உட்காரும். ஆனால் அந்தப் போர்டுகள் அதை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. அதற்கு பி450 போன்ற பழைய போர்டு வேண்டும். ஒரு பாகத்தைத் திருப்பிக் கொடுக்கவே ஒரு நாள் வேலையை விட்டுப் பஸ் ஏற வேண்டியவர்கள் நாங்கள். கடைக்குப் போகும் முன்னர் போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் எந்தெந்த புரொசெசர் ஓடும் என்ற பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

புதிதாகப் பொருத்துவதில் எனக்குப் பிடித்த பெரிய நன்மை வேகம் அல்ல. எல்லாமே பொது அளவு. பவர் சப்ளை போனால் 24 முனை வயர் கொண்ட எந்த ஏடிஎக்ஸ் சப்ளையும் பொருந்தும். கேசிங், விசிறி, ராம், போர்டு, எதுவும் எவருடையதாகவும் இருக்கலாம். கிளிநொச்சியில் கணினி திருத்தும் கடைகளில் தட்டில் தூசி படிந்து கிடப்பவையும் இந்தப் பொது அளவுப் பாகங்கள்தான். அக்காவின் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

தடை பணம். 16 ஜிபி ராமை இரண்டு 8 ஜிபியாகப் போட வேண்டும். உள்கிராஃபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் ராமைத்தான் கடன் வாங்குகிறது. ஒற்றைத் துண்டு போட்டால் 5600ஜியின் கிராஃபிக்ஸ் நொண்டும். அதோடு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான வேகமான சேமிப்பகம்), கேசிங், நம்பக்கூடிய 450 வாட் சப்ளை. இவ்வளவுக்கும் விலை கேட்டுக் கூட்டிப் பார்த்தபோது, மொனிட்டருக்கும், கரண்ட் போனால் தாங்கும் யுபிஎஸ்ஸுக்கும் வரும் முன்னரே ஒரு லட்சம் தீர்ந்து அதற்கப்பாலும் போய்விட்டது. சப்ளையில் மிச்சம் பிடிக்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். கேசிங்கோடு இலவசமாக வரும் பெயரில்லாச் சப்ளையைக் கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும்; பாரமில்லை, உள்ளே இருக்க வேண்டியது இல்லை. நானே ஒருமுறை அப்படி மிச்சம் பிடித்தேன். ஐப்பசி மாதத்து இடிமழை நாள் ஒன்றில் அந்தச் சப்ளை போனது. போகும்போது போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக்கொண்டு போனது. ஹார்ட் டிஸ்க்கில் இருந்த குடும்பப் படங்கள் இன்றுவரை திரும்பவில்லை.

பாவித்த அலுவலகக் கணினி

இதில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது எண்ணை வாசிப்பது. விற்பவர் "ஐ5 கம்பியூட்டர்" என்று மட்டும் சொல்வார். அது பாதி உண்மைகூட இல்லை. ஐ5-2400 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011இல் வந்தது. ஐ5-6500 ஆறாம் தலைமுறை, 2015. ஐ5-8500 எட்டாம் தலைமுறை, 2018. அதில் 6 கோர். கோட்டுக்குப் பின்னால் நான்கு இலக்கம் இருந்தால் முதல் இலக்கம்தான் தலைமுறை; 12100 மாதிரி ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டும். எட்டாம் தலைமுறை ஐ3-8100கூட 4 கோர் கொண்டது; ஆறாம் தலைமுறை ஐ5க்குச் சமமாக ஓடும். ஆகவே ஐ3 என்ற பெயரைக் கேட்டு முகம் சுளிக்கவும் வேண்டாம், ஐ5 என்ற பெயரைக் கேட்டு மயங்கவும் வேண்டாம்.

எட்டு என்ற எண்ணில் நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். இதனால் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் சந்தையில் மலிந்து கிடக்கின்றன. பணம் மிகவும் குறைவானவர்களுக்கு அதில் ஒரு நல்வாய்ப்பும் இருக்கிறது: ஆறாம் தலைமுறையை வாங்கி, விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் போடலாம். லிப்ரே ஆபிஸ், ஃபயர்பொக்ஸ், தமிழ் யுனிகோட் தட்டச்சு, பைத்தன் எல்லாம் அதில் செலவில்லாமல் வரும். ஆனால் எங்கள் பிள்ளைக்குப் பாடசாலையில் விண்டோஸ். வீட்டிலும் அதுவே இருக்கட்டும் என்று எட்டாம் தலைமுறையிலேயே நின்றோம்.

அலுவலகக் கணினியில் பலர் கணக்கில் சேர்க்காத ஒரு லாபம் உண்டு. விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் அதன் போர்டிலேயே பதிந்து வருகிறது. எஸ்எஸ்டியை மாற்றிப் புதிதாக நிறுவினாலும் அது தானாகவே செயற்படும். புதிதாகப் பொருத்துபவர் அதற்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும், அல்லது திருட்டுப் பிரதியையும் அதோடு வரும் வைரஸையும் வீட்டுக்குள் விட வேண்டும். இன்னொன்று, ராம் உள்ளேயே இருக்கிறது. ராம் விலை ஏறிய காலத்தில் இது சின்ன விஷயம் அல்ல.

இந்தக் கணினிகள் மூன்று உருவத்தில் வருகின்றன: நிமிர்ந்த பெரிய டவர், ஒடுங்கிய பெட்டி, புத்தகமளவே இருக்கும் மைக்ரோ. நடுவிலுள்ள ஒடுங்கிய பெட்டி இரு பக்கத்துக் குறைகளையும் சேர்த்து வைத்திருக்கிறது. உயரம் குறைந்த கார்டு மட்டுமே போகும், சப்ளையும் அதற்கே உரிய அளவு. அதை விட்டுவிடலாம். மைக்ரோவை நான் உண்மையாகவே மதிக்கிறேன். சும்மா ஓடும்போது 10, 15 வாட்டுக்கு மேல் குடிக்காது, தூசி போக இடம் குறைவு, மின்சாரம் மடிக்கணினி மாதிரி வெளி அடாப்டரிலிருந்து வருகிறது. அடாப்டர் எரிந்தால் அதே நிறுவனத்தின் மடிக்கணினி அடாப்டர் பல வேளைகளில் பொருந்தும், அது கிளிநொச்சியில் கிடைக்கும். கணக்கு எழுதவும் கடிதம் தட்டச்சு செய்யவும் ஒரு கணினி தேவைப்படும் கடைக்கோ சங்கத்துக்கோ மைக்ரோதான் என் முதல் தெரிவு.

மாணவிக்கு நான் டவரைத் தெரிவு செய்தேன். காரணம் ஒரு சிறு துண்டு ராம். மைக்ரோவில் மடிக்கணினி அளவு ராம் இருக்கும். எட்டாம் தலைமுறை டவரில் இருப்பது சாதாரண டிடிஆர்4 நீட்டு ராம். அதே வகைதான் 5600ஜி ஏறும் போர்டிலும் போகும். டவரில் போடும் எஸ்எஸ்டி, ராம், மொனிட்டர், யுபிஎஸ், கீபோர்ட் எல்லாவற்றையும் இரண்டு ஆண்டு கழித்துக் கழற்றிப் புதிய போர்டில் பொருத்தலாம். அப்போது வாங்க வேண்டியது போர்டு, புரொசெசர், சப்ளை, கேசிங் மட்டுமே. வன்னியில் வீட்டுத்திட்டத்தில் வீடு கட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அத்திவாரத்துக்கு ஒரு தவணை, சுவருக்கு ஒரு தவணை, கூரைக்கு ஒரு தவணை என்று வாங்கித்தான் கட்டினோம். பாவித்த டவரை வாங்குவதும் கணினியைச் சொந்தமாகக் கட்டுவதும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நான் முன்னர் நினைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது பாவித்த டவர் அந்தக் கட்டுமானத்தின் முதல் தவணையாகவே தெரிந்தது.

பெரிய குறை ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். இந்த நிறுவனங்கள் பவர் சப்ளையைப் பொது அளவில் செய்வதில்லை. டெல் ஒப்டிபிளெக்ஸ் ஒன்றைத் திறந்தால் போர்டுக்குப் போகும் வயர் 24 முனை அல்ல, 6 முனை. எச்பியிலும் இதே கதை. அது எரிந்தால் நகரத்துக் கடையிலுள்ள எந்தச் சப்ளையும் நேரடியாகப் பொருந்தாது. 24 முனையை 6 முனையாக மாற்றும் ஒரு சிறு வயர் இருக்கிறது. விலை அற்பம், ஆனால் எல்லாக் கடைகளிலும் இருக்காது. அளவும் சில கேசிங்குகளில் ஒத்துவராது. சப்ளையை வெளியே வைத்து வயரை உள்ளே விட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். அழகில்லை, ஆனால் பிள்ளையின் பரீட்சைக் காலத்தில் ஓடும்.

மின்சாரக் கணக்கு

வீட்டு மின்கட்டணத்தில் 60 அலகு ஒரு வேலி. அதற்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு விலை. அதைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு விலை. எட்டாம் தலைமுறை டவரும் 20 அங்குல எல்இடி மொனிட்டரும் சேர்ந்து சாதாரண வேலையில் 60 வாட் என்று வையுங்கள். நாளுக்கு 5 மணி நேரம், மாதம் 30 நாள்: 9 அலகு. சியோனும் பழைய கிராஃபிக்ஸ் கார்டும் போட்ட பெட்டி மொனிட்டரோடு 130 வாட் இழுத்தால் 19.5 அலகு. இந்தப் பத்து அலகு வித்தியாசம், 50 அலகில் நிற்கும் ஒரு வீட்டை வேலிக்கு அப்பால் தள்ளிவிடும். மலிவாக வாங்கியது மாதாமாதம் அறவிட்டுக்கொண்டே இருக்கும்.

யுபிஎஸ் வாங்காமல் வன்னியில் கணினி வாங்காதீர்கள். மொனிட்டரை ஒரு அளவு சிறிதாக வாங்கியாவது யுபிஎஸ்ஸுக்குப் பணம் எடுங்கள். சாதாரண 650 விஏ யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர் மணி மின்கலம், 84 வாட்-மணி. 60 வாட் இழுக்கும் டவரை அது ஏட்டுக் கணக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்க வேண்டும். நடைமுறையில் அரைமணி கிடைத்தாலே பெரிது. எழுதியதைச் சேமித்து ஒழுங்காக நிறுத்த அது போதும். இரண்டு மூன்று ஆண்டில் மின்கலம் களைத்துவிடும், அப்போது மின்கலத்தை மட்டும் மாற்றலாம்.

யுபிஎஸ் இருக்கிறதே என்று மின்னலை அலட்சியம் செய்ய முடியாது. பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் வானம் கறுத்தால் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். இணைய ரவுட்டரிலிருந்து வயர் போட்டிருந்தால் அதையும் சேர்த்து. கரண்ட் வயர் வழியாக வராத மின்னல் அந்த வயர் வழியாக வந்து போர்டை எரித்த வீடுகள் உண்டு.

இதைவிட அதிகம் பேச விரும்புவது எர்த் பற்றி. டவரைக் கொண்டுவந்து அக்கா வீட்டில் வைத்து முதன்முதலாகப் போட்டபோது, பின்பக்கத்து இரும்பில் பிள்ளையின் முழங்கை பட்டது. "மாமா, எறும்பு கடித்த மாதிரி இருக்கிறது" என்றாள். எறும்பு அல்ல. பவர் சப்ளையின் வாசலில் இரைச்சலை வடிகட்டும் சிறு கொண்டென்சர்கள் இரண்டு வயர்களிலிருந்தும் எர்த்துக்குப் போகின்றன. எர்த் வயர் எங்கும் போய்ச் சேராவிட்டால், 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி கேசிங்கில் நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறிது என்பதால் சுள்ளென்று கடிப்பதோடு நிற்கிறது. ஆனால் உள்ளே உண்மையான ஒரு பழுது வந்தால் காப்பாற்ற எதுவும் இல்லை. பென் டிரைவ் சொருகும்போதும் மொனிட்டர் வயர் மாட்டும்போதும் துறைகளும் கெடும். அந்த அறையில் இருந்தது எர்த் இல்லாத, இரண்டு ஓட்டையை மட்டும் நம்பும் பழைய பலமுனைச் சொக்கெட். மின்னியலாளர் ஒருவரைக் கூப்பிட்டு, வீட்டின் எர்த் கம்பி நிலத்தில் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, 13 அம்பியர் சதுரமுனைச் சொக்கெட் ஒன்றைச் சுவரில் போட்டோம். ராமை இரட்டிப்பாக்குவதற்கு ஒதுக்கிய காசில் ஒரு பகுதி அதற்குப் போனது. சரியான இடத்துக்குத்தான் போனது.

வாங்கும் இடத்தில்

வவுனியாவில் ஒரு கடையில் மூன்று டவர்களைத் திறந்து காட்டச் சொன்னேன். திறக்கத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். அலுவலகக் கணினியின் பக்கமூடி எளிதில் கழன்று வருவது, மறைக்க ஒன்றுமில்லாதவர் உடனே திறப்பார். முதலாவதில் போர்டின் ஓரத்தில் இரண்டு கொண்டென்சர்களின் தலை உப்பியிருந்தது, பழுதாகும் அறிகுறி. இரண்டாவதில் புரொசெசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கிடையே சாம்பல் நிறத் தூசி இலவம்பஞ்சு மாதிரி அடைந்திருந்தது. அதன் அடியில் கடலையளவில் இரண்டு வெள்ளை முட்டைகள், பல்லியுடையவை. அது பரவாயில்லை, துடைத்தால் போகும். ஆனால் அதன் பயோஸுக்கு, அதாவது கணினி எழும்பும்போது முதலில் ஓடும் மென்பொருளுக்கு, யாரோ கடவுச்சொல் போட்டிருந்தார்கள், கடையில் அது தெரியாது. மூன்றாவது சுத்தமாக இருந்தது: ஐ5-8500, ஒற்றை 8 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். கடையிலேயே அரைமணி நேரம் ஓடவிட்டு, புரொசெசரின் பெயரைத் திரையில் பார்த்து, எல்லா யுஎஸ்பி துறைகளிலும் பென் டிரைவைச் சொருகிப் பார்த்து, ஹார்ட் டிஸ்க்கின் ஆரோக்கியத்தை கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தேன். டிஸ்க்குக்கு எச்சரிக்கை காட்டியது. எங்களுக்கு அது தேவையுமில்லை. அதைக் காட்டியே விலையைக் கொஞ்சம் இறக்கினோம்.

கணினிக்குப் பணத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் போனது. மிச்சத்தில் புதிய 500 ஜிபி எஸ்எஸ்டி, பாவித்த 8 ஜிபி ராம் ஒன்று, பாவித்த 20 அங்குல மொனிட்டர், புதிய யுபிஎஸ், கீபோர்டும் மவுஸும், வைஃபைக்கு ஒரு யுஎஸ்பி டொங்கிள். எஸ்எஸ்டியைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அது எழுத எழுதத் தேய்வது. பாவித்ததை வாங்கினால் மிச்ச ஆயுள் எவ்வளவு என்ற கவலையையும் சேர்த்து வாங்குகிறோம். வேகத்தில் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தைத் தருவதும் அதுதான். பழைய டிஸ்க்கில் விண்டோஸ் எழும்ப இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுத்த அதே பெட்டி, எஸ்எஸ்டி போட்ட பிறகு இருபது விநாடிக்குள் எழும்பியது.

பொருத்தும் வேலையைப் பிள்ளையே செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டேன். விறாந்தையில் பாயை விரித்து, பத்திரிகைத் தாள் போட்டு உட்கார்ந்தோம். புரொசெசருக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே சூட்டைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. அதைத் துடைத்து, புதியதைப் பயறளவு வைத்து, ஹீட் சிங்கைக் குறுக்கு மூலைகளாக மாறி மாறி இறுக்கினாள். ராமைச் சொருகும்போது பயந்தாள். "அழுத்து, இரண்டு பக்கமும் டிக் என்று கேட்க வேண்டும்" என்றேன். ஒரு பக்கம் கேட்டது, மறுபக்கம் கேட்கவில்லை. எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வெட்டு நடுவில் இல்லை, சற்று ஒரு பக்கமாக இருப்பதை அவளே கண்டுபிடித்தாள். அடுத்த தடவை இரண்டு டிக்கும் கேட்டன. இதைப் பாடநூலில் நினைவகம் என்ற தலைப்பில் அவள் ஏற்கெனவே படித்திருக்கிறாள்.

தூசிக்கு ஒரு வழி வைத்தோம். பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் வயல் பக்கத்து வீடுகளுக்குள் வரும் நெல்லுத் தூசியும், கிரவல் வீதிப் புழுதியும் கணினிக்குப் பெரிய எதிரிகள். பெட்டியை நிலத்தில் வைக்காமல் முழங்கால் உயரத்தில் ஒரு பலகையில் வைத்தோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து வர்ணத் தூரிகையால் தட்ட வேண்டும். டயர்க் கடைக் காற்றால் ஊதுபவர்கள், முதலில் குழாயில் தேங்கிய தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, விசிறியை விரலால் பிடித்துக்கொண்டு ஊதட்டும். அந்தக் காற்றில் விசிறி கட்டுக்கடங்காமல் சுழன்றால் அச்சுத் தேய்ந்துவிடும். நிறுத்திய பிறகு துணியால் மூடலாம், ஓடும்போது மூடக் கூடாது.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குத் தெரிவாகி கிளிநொச்சி அறிவியல்நகருக்குப் போகும் நிலையில் உள்ள பிள்ளை, முப்பரிமாண வரைபு செய்ய வேண்டியவர், கையில் ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருப்பவர் என்றால் என் பதில் மாறும்: புதிய போர்டு, 5600ஜி, நல்ல சப்ளை, நேரே அதற்குப் போங்கள். திருமண வீடியோ தொகுத்துச் சம்பாதிக்க நினைப்பவருக்கும் அதுவே. கணினியே அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் இடத்தில் முதல் தவணைக் கணக்குத் தேவையில்லை.

அக்காவின் ஒரு லட்சத்தில் கடைசியாகச் சில ஆயிரம் மிஞ்சியது. அதில் அந்த 24 முனையை 6 முனையாக்கும் வயரைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். இப்போது அது தேவையில்லை. ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, கேசிங்குக்குள்ளேயே ஹார்ட் டிஸ்க் இருந்த வெற்றுத் தட்டில் கட்டிவைத்திருக்கிறோம். பையின் மேல் பிள்ளை மார்க்கர் பேனாவால் எழுதியிருக்கிறாள்: "சப்ளை எரிந்தால் இதை எடு."